நிலை வைக்காத வீடு

"இன்னிக்கு வேணாம் மேடம். ஞாயித்துக்கெழம மேக்கால சூலம்" என்றாள் அமிர்தம்.

வித்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"சூலம் பார்க்கிறது பயணம் போறவங்கம்மா. உங்க வாசக்கால் என்ன பஸ் ஏறியா போகப் போகுது?"

சிமென்ட் சட்டியோடு நின்ற மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அமிர்தம் சிரிக்கவில்லை. சுவரில் சாத்தி வைத்திருந்த வேப்பமர நிலையைப் பார்த்தபடி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

தானே புயல் அந்தக் கடலூர்க் குப்பத்தில் ஒரு கூரையையும் விட்டு வைக்கவில்லை. அன்றிலிருந்து, சிதம்பரம் கல்லூரியில் பாடம் நடத்தும் வித்யா, ஞாயிறானால் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுவாள். செங்கல்லும் சிமென்டும் யாரோ புண்ணியவான்கள் கொடுத்தது. உழைப்பு இவர்களுடையது. இதுவரை கைவைத்த மற்ற வீடுகளெல்லாம் மளமளவென்று எழும்பிவிட்டன. அமிர்தத்தின் வீடு மட்டும் சுவரோடு நின்றுவிட்டது.

முதலில் ஆடி மாசம் ஆகாது என்றாள். சரி, நியாயம். அப்புறம் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றாள். போன வாரம் அஷ்டமி. இன்றைக்குச் சூலம்.

"நிலை வெச்சாத்தான் லிண்டல் போட முடியும். அதுக்கு மேலதான் தளம்" என்று கொத்தனார் சுப்புராயன் அலுத்துக்கொண்டார். "இன்னியோட ஆவணி ஞாயிறு முடியுது. புரட்டாசில நிலை வைக்க மாட்டாங்க. ஐப்பசில மழ புடிச்சிக்கும். அப்பறம் உங்க பாடு, நான் சொல்லிட்டேன்."

அடுத்த மனையில் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்த ஞானாம்பாளும் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இவ பஞ்சாங்கம் பாத்து முடிக்கறதுக்குள்ள எம் புள்ளைங்க நனைஞ்சே வளந்துடும்போல!"

இந்த வீடு முடிந்தால்தான் அவளுக்கு முறை.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாளே என்று வித்யாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. உழைக்க வருகிறவர்களையாவது இவள் நினைத்துப் பார்க்க வேண்டாமா? அண்ணாகிராமத்திலிருந்து பழனிவேல் என்று ஒருவர் வருகிறார். புயலில் சொந்த முந்திரித் தோப்பே சாய்ந்து போன மனுஷர். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, இந்த வீட்டுக்குக் கலவை குழைத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அமிர்தத்தோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அவள் நீட்டுகிற தண்ணீரைக்கூட வாங்குவதில்லை. பாவம், அவருக்கும் எரிச்சல் இருக்காதா?

"கடைசியா கேக்கிறேன் அமிர்தம். இன்னிக்கு நிலை வைக்கிறோமா, இல்லையா? இல்லன்னா ஆளையெல்லாம் ஞானாம்பாள் மனைக்கு அனுப்பிடுவேன்."

அமிர்தத்தின் முகம் விழுந்துவிட்டது. வித்யாவின் கையைப் பிடித்து, கூரையில்லாத அந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், வெளிய கலவ குழைக்கிறாரே, அவுரு என் கூடப் பொறந்த அண்ணன்."

வித்யா சட்டென்று வெளியே திரும்பிப் பார்த்தாள்.

"நான் கடக்கரை ஆளக் கட்டிக்கிட்டேன்னு கோவம். 'இனிமே ஒன் வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல'ன்னு ஊரு முன்னால சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கொழந்த பொறந்தப்பகூட வரல. ஒரு சொல் சொல்லிட்டா மீற மாட்டாரு."

"இப்ப மட்டும் வர்றாரே?"

"இப்பதான் வாசப்படியே இல்லியே மேடம்!"

அதற்குமேல் அவளால் குரலை அடக்க முடியவில்லை.

"குடிசைக்கு ஒரு படி இருந்திச்சி. புயலு அதையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிடிச்சி. நான் தெருவுல நிக்கிறேன்னு கேள்விப்பட்டுதான் வந்தாரு. பேசலன்னாலும் பரவால்ல. வாரம் ஒருக்கா எங்கண்ணன கண்ணால பாத்துக்கறேன். எங்கப்பா மாதிரியே இருமுறாரு, அதக் கேட்டுக்கறேன். நிலைய வெச்சிட்டீங்கன்னா அடுத்த வாரம் வரமாட்டாரு. நான் மழையில நனைஞ்சாலும் நனையறேன் மேடம். இன்னும் ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்."

சூலத்தை வைத்துக் கேலி செய்ததை நினைக்க வித்யாவுக்கு வெட்கமாக இருந்தது.

கதவில்லாத வீட்டில் ரகசியம் ஏது? வெளியே கலவை குழைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

பழனிவேல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சென்ட்ரிங் பலகை அறுக்கும் ரம்பத்தோடு நிலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நிலையைத் தரையில் கிடத்தி, அடியில் படியாக இருக்கவேண்டிய கட்டையை அறுக்கத் தொடங்கியிருந்தார்.

சுப்புராயன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், தலவாசப் படியப் போயி அறுக்கிறியே, புத்தி கெட்டுப் போச்சா? படியில்லாத வூடு வெளங்குமா?"

பழனிவேல் கையை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"வெளங்கும் கொத்தனாரே. என் தங்கச்சி வூட்டுக்கு நான் வந்து போவ வேணாமா?"