பெட்டைக்கு எதற்குக் கண்ணாடி

நாற்பத்தேழாம் எண் தொட்டியின் முன் நடுவர் நின்றது மூன்று விநாடி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

குனியவில்லை. மேசையில் இருந்த கைக்கண்ணாடியைத் தொடவில்லை. 'வெயில்டெயில், சாதாரணம்' என்று, அதாவது வெறும் தொங்கு வால் என்று, சீட்டில் கிறுக்கிவிட்டு நாற்பத்தெட்டுக்கு நகர்ந்தார்.

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

ஃபைட்டர் மீனில் ஆணுக்கு வால் வகை சொல்வது சின்னக் குழந்தைகூடச் செய்கிற வேலை. அது நாள் முழுக்க வாலை விரித்துக்கொண்டுதான் திரியும். பெட்டைக்கு வால் குட்டை. சும்மா இருக்கும்போது மடக்கியே வைத்திருக்கும். பார்க்க எல்லாப் பெட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பெட்டையின் வால் தெரிய வேண்டுமென்றால் அதற்குக் கோபம் வர வேண்டும். கண்ணாடியைக் காட்டினால், எதிரே இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று சிலிர்த்துக்கொண்டு முழு வாலையும் விரிக்கும். அப்போது பார்த்துத்தான் வகையை எழுத வேண்டும். மேசையில் கண்ணாடி வைத்திருப்பது அதற்காக, நடுவர் தலை சீவிக்கொள்வதற்காக அல்ல.

ஆண் மீன் வரிசையில் ஒவ்வொரு தொட்டிக்கும் காட்டினார். விரித்தபடியே இருக்கிற மீனுக்குக் கண்ணாடி உண்டு, மடக்கி வைத்திருக்கிற மீனுக்குக் கிடையாது. என்ன நியாயம் இது?

"சார், கண்ணாடி காட்டாமலே எழுதறீங்களே" என்றேன், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"பெட்டைக்கு எதுக்கும்மா கண்ணாடி? அனுபவம் இருக்கிறவனுக்குப் பார்த்தாலே தெரியும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை, சிரித்தவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. தெரியாத பொம்பளையைப் பார்த்துச் சிரிக்கச் செலவா ஆகிறது?

தள்ளி நிற்கவா மூன்று வருடம் பாடுபட்டேன்? துணி காயப்போடும் அறையில் நூற்றுப்பத்து ஜாடி. ஒன்றை ஒன்று கடித்துவிடும் என்பதால் மீனுக்கு ஒரு ஜாடி. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அத்தனைக்கும் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் எனக்குக் காப்பி. ஆறு தலைமுறை அப்படி வளர்த்து வந்தவள் நாற்பத்தேழில் இருக்கும் இவள்.

நான் விற்ற ஆண் குஞ்சுகள் வேறு யார் யார் பெயரிலோ பரிசு வாங்கின. அவற்றின் சான்றிதழில் அப்பன் மீனின் வால் வகை இருக்கும். அம்மா என்ற இடத்தில் 'பெட்டை' என்று மட்டும் இருக்கும், ஏதோ அந்த வால் அப்பன் வீட்டுச் சீதனம் மாதிரி.

இவளுக்கு 'ஹாஃப்மூன்' என்று, அதாவது விரித்தால் அரைவட்டம் என்று, ஒரு சீட்டு கிடைத்தால் போதும். இந்த வம்சம் சங்கத்தின் பதிவேட்டில் என் பெயரில் ஏறும். இவளுக்கு இப்போது பதினான்கு மாதம். அடுத்த போட்டிக்குள் வயதாகி வால் நைந்துவிடும். இன்று விட்டால் விட்டதுதான்.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். குறிப்பெழுதும் பெண் "மேடம், மேடம்" என்று பதறினாள். கண்ணாடியை எடுத்து நாற்பத்தேழின் முன்னால் பிடித்தேன்.

முதலில் என் பெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பார்த்தாள்.

செவுள் விரிந்தது. உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. வால் திறந்தது. மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்கோடாக நின்றன.

குறிப்பெழுதும் பெண் யாரும் சொல்லாமலே கோணமானியைத் தொட்டியில் ஒட்டிப் பிடித்தாள்.

"நூத்தியெண்பது, சார்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது நடுவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். இனி எழுதாமல் எங்கே போவார் என்று நினைத்தேன்.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். 'குட்டை வால் ஆண். தவறான பிரிவு. தகுதி நீக்கம்.'

ஆணாம்! வால் நன்றாக இருந்தால் அது ஆணாகத்தான் இருக்க வேண்டுமாம்!

குட்டை வால் ஆண் என்று ஒரு வகை உண்டுதான். மீன் வாங்க வந்த புதுசுகள் அதைப் பெட்டை என்று நினைத்து ஏமாறுவார்கள். அதற்காக? வயிற்றின் அடியில், முட்டை வெளிவரும் இடத்தில், கடுகளவு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே. விரலை வைத்துக் காட்டினேன்.

சின்ன வயது ஆணுக்கும் அந்தப் புள்ளி இருப்பதுண்டு என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பதினான்கு மாதம் சின்ன வயதா என்று கேட்டேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். இரண்டு பேர் வந்து என்னைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

சாயங்காலம், அரங்கத்தின் பின்புறம் நிறுத்தியிருந்த காரில், ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்து ஓட்டுகிற இருக்கையில் நடுவர் வந்து உட்கார்ந்தார்.

"உன் மீனுக்கு நானே பரிசு குடுத்தா நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசமாட்டாங்களா? என் நிலைமையையும் கொஞ்சம் யோசி" என்றார்.

பத்தொன்பது வருடமாக என் கணவர்.

பக்கத்து மேசையில் இன்னொரு நடுவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். 'இந்த ஒரு தொட்டியை நீங்க பாருங்க' என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை இவர் வாயில்.

ஜாடியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் இவள் முட்டையிட்டபோது, பக்கத்தில் மண்டி போட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னவர் இவர்தான்.