கலருக்குத் தனி விலை

"சிவப்புதான் வேணும்," என்றார் பேக்கரிக்காரர், மூன்றாவது தடவையாக.

பன்னிரண்டு வருஷமாகக் கார் ஷோரூமில் வேலை பார்க்கும் விற்பனைப் பெண்ணுக்கு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே வருகிறவர் கார் வாங்குவாரா, ஏசிக் காற்று மட்டும் வாங்குவாரா என்று தெரிந்துவிடும். இவர் வாங்குகிற ஆள்தான். ஆனால் பிடிவாதம்.

கூட இரண்டு பேர். ஒருவர் அவர் மனைவி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். கார் அவருக்காகத்தான். இன்னொருவர் மனைவியின் அண்ணன், பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். யார் எது வாங்கப் போனாலும் யோசனை சொல்லக் கூடவே கிளம்பிவிடுகிற ரகம்.

"மாப்பிள்ளை, அந்தக் கலருக்கு எவ்வளவு கூடன்னு கேட்டீங்களா?" என்றார் அண்ணன்.

விற்பனைப் பெண்ணே பதில் சொன்னாள். "வெள்ளைன்னா தனியா எதுவும் கிடையாது சார். இந்தச் சிவப்புக்கு ஒரு கோட்டிங் அதிகமா அடிக்கறாங்க, அதனால முப்பதாயிரம் கூட. வண்டி வர ஆறு வாரம் ஆகும். வெள்ளைன்னா இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்."

அவ்வளவும் நிஜம். இந்த மாசக் கணக்கில் அவளுக்கு ஒரு வண்டி குறைகிறது, அந்த வெள்ளை போனால் சரியாகிவிடும் என்பதும் நிஜம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றார் அண்ணன். "நாளைக்கு விக்கப் போனாலும் வெள்ளைக்குத்தான் மவுசு. சிவப்பு வெயில்ல வெளிறிப் போகும்."

"விக்கறதுக்கா மச்சான் வாங்கறோம்?"

"என் வண்டியப் பாருங்க. வெள்ளை. பதினோரு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் நிறுத்தி விலை கேக்கறாங்க."

"அது சரி. போன வாரம் யாரோட வெள்ளை வண்டியிலயோ சாவியப் போட்டுட்டு, திறக்கலன்னு அரைமணி நேரம் நின்னீங்களே."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு ஒண்ணு இருக்கு. சிவப்பு கார் காலேஜ் பசங்க ஓட்டறது. அம்பத்தஞ்சு வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த ஆசை? நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். யாராவது சிரிச்சுப் பாத்தே நாளாச்சு."

"வெள்ளைன்னா ஒரு கண்ணியம் மாப்பிள்ளை."

"விடிஞ்சா மைதா மூட்டை முகத்துலதான் முழிக்கறேன். பாத்த வெள்ளை போதும். அங்க நிக்குது பாருங்க, ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி."

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஓட்டப் போறது நீங்கதானா சார்?"

"இவரா?" என்றார் அண்ணன். "லைசென்சே கிடையாது. ஓட்டப் போறது என் தங்கச்சி. ஐயா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கற ஆளு. ஆனா கலர் மட்டும் இவர் சொல்றதுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் வீட்டிலும் இதே கதைதான். அவள் சம்பளத்தில் வாங்கிய சோபாவுக்கு உறை நிறத்தை முடிவு செய்தது புருஷன்.

நர்ஸ் பக்கம் திரும்பினாள். "மேடம், தினமும் ஓட்டப் போறது நீங்க. உங்களுக்கு எந்தக் கலர் பிடிச்சிருக்கு? நீங்க சொல்லுங்க, அதையே எழுதறேன்."

நர்ஸ் புருஷனைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார்.

"எனக்கென்ன, வெள்ளையே போதும். இந்த வயசுல போய்..." என்று இழுத்தார்.

"அவளே சொல்லிட்டா," என்றார் அண்ணன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றார் பேக்கரிக்காரர். "சிவப்பு. ஆறு வாரம் இல்ல, ஆறு மாசம் ஆனாலும் சரி. நீங்க எழுதுங்க."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "வாம்மா, டிக்கில உன் சாமான் எல்லாம் பிடிக்குமான்னாவது பாப்போம். உன் புருஷனுக்கு இளமை திரும்பிடுச்சு." தங்கையைக் கூட்டிக்கொண்டு அங்கே நின்ற வெள்ளை வண்டியின் பின்பக்கம் போனார்.

விற்பனைப் பெண் உம்மென்று ஆர்டர் படிவத்தை எடுத்தாள். கலர் அட்டைகளை மேஜையில் பரப்பினாள்.

"எதுன்னு எடுத்துக் குடுங்க. படிவத்தோட சேத்துப் பின் அடிக்கணும்."

பேக்கரிக்காரர் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கடைசியில் வேறொன்றை நீட்டினார்.

"சார், இது பச்சை."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு அண்ணன் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மெதுவாச் சொல்லும்மா. பொறந்ததுல இருந்தே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ரெண்டும் சேறு மாதிரி தெரியும்."

"அப்புறம் எதுக்கு சார் சிவப்புக்காக இவ்வளவு சண்டை?"

"போன மாசம் ரோட்டுல ஒரு கார் போச்சு. 'எவ்வளவு அழகான சிவப்பு'ன்னு அவ அது மறையற வரைக்கும் பாத்துட்டே நின்னா. அதையே வாங்கிடலாம்னேன். வேண்டாம், அண்ணன் கிண்டல் பண்ணுவார்னுட்டா."

அட்டைகளை அவள் பக்கம் தள்ளினார்.

"கிண்டல நான் வாங்கிக்கிட்டேன். சிவப்பு எதுன்னு மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க."