கைராசி

படித்தவர்கள் ஊருக்கு உழைக்க வேண்டும் என்ற சட்டப்படி டாக்டர் நறுமுகையின் காலில் மாட்டிய வளையம், அவளைக் கரட்டுப்பட்டி எல்லையைத் தாண்ட விடாது. பெற்ற தாயின் சாவுக்குக்கூட விடவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று டாக்டராகி வந்தால்தான் வளையம் கழலும். செவ்வந்தியின் மகள் பூவிழி படிப்பில் சூரப்புலி. நறுமுகை அவளைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

பலாச்சுளையோடு வந்த செவ்வந்தியிடம், "பூவிழி ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டாள்.

"நிறுத்திட்டோம் டாக்டரம்மா. இனிமே ஊர்ல யாரையும் பத்தாவதுக்கு மேல படிக்க வைக்கிறதில்லன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணியாச்சு."

"ஐயோ, ஏன்?"

செவ்வந்தி ஆசையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கைராசியை விட்டுட்டு நாங்க எங்க போறது?"