உள்ளே விடும் தகுதி

‘முதல் மாதவிடாய்: பயம் வேண்டாம்’ என்று எங்களுக்குச் சொல்லித்தர வந்த நர்ஸக்கா கரும்பலகையில் எழுதி முடித்ததும், கணக்கு டீச்சர் வகுப்பில் பாதிப் பெண்களை வெளியே அனுப்பினார். ஜன்னல்களையும் சாத்தினார்.

நான் வாசலை விட்டு நகரவில்லை.

“டீச்சர், நானும் கேக்கறேனே.”

“உனக்கெதுக்குடி இதெல்லாம்? போய் விளையாடு.”

“நெட்டையை மட்டும் உள்ள விட்டீங்க. அவளும் என் பெஞ்சுதானே?”

“அவ வேற, நீ வேற.”

“வயித்த வலிக்குது டீச்சர். விளையாட முடியல.”

“உள்ள வர்றதுக்கு நாடகமா? சின்னப் பிள்ளைங்க இதையெல்லாம் கேட்டா கெட்டுப் போயிடுவீங்க.”

கதவு என் மூக்கை இடித்து மூடியது. காதை வைத்துக் கேட்டேன். நர்ஸக்காவின் பேச்சு முணுமுணுப்பாகத்தான் வந்தது. நெட்டை சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது.

வலி தாங்காமல் கழிப்பறைக்குப் போனவள், அழுதுகொண்டே திரும்பி ஓடி வந்து கதவைத் தட்டினேன்.

“டீச்சர், பாவாடையெல்லாம் ரத்தம். எங்க அடிபட்டுச்சுன்னே தெரியல. நான் செத்துடுவேனா?”

டீச்சர் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கதவை அகலமாகத் திறந்தார்.

“இப்ப நீ உள்ள வரலாம்.”

உள்ளே நர்ஸக்கா பேச்சை முடித்துக்கொண்டிருந்தார்.

“அதனால, முதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே இதையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா, வர்ற அன்னைக்குப் பயமே இருக்காது. சரியா?”

டீச்சர் பொறுக்கி எடுத்து உட்காரவைத்திருந்த எல்லோரும் எப்போதோ வயதுக்கு வந்தவர்கள். ஒரே குரலில், “சரிக்கா” என்றார்கள்.