வேலியோரக் கிடங்கு

சோமசேகரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் உச்சி கொதித்தது.

அடுத்த வீட்டுப் பஞ்சலிங்கத்தின் மகள் நிவேதனா, பள்ளிக்கூடத் தோழிகளோடு சேர்ந்து வேலியை ஒட்டிக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை! என்ன உது?"

"மழைத்தண்ணிக் கிடங்கு, அங்கிள். கூரைத் தண்ணியைப் பீலியாலை கொண்டுவந்து நிலத்துக்குள்ளை இறக்கப் போறம். சுற்றாடல் கழக வேலை."

"இவ்வளவு பெரிய வளவிலை வேறை இடம் கிடைக்கேல்லையோ? முதல் மழையோடை என்ரை வேலி சரியவேணும். அதுதானே கொப்பர் பஞ்சலிங்கத்தின்ரை எண்ணம்?"

இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாமல் போய் நெடுங்காலம். வேலிக் கதியால் ஒன்றை ஒரு சாண் தள்ளி நட்டதில் தொடங்கிய சண்டை. கதியால் மரமாகிவிட்டது. சண்டையும் அதற்குக் குறையாமல் வளர்ந்தது.

போதாததற்கு, அரியாலையிலேயே இதைப்போலத் தண்ணீர் கிடையாது என்று சோமசேகரம் பெருமை பேசிய அவருடைய கிணறு இந்த வருடம் உவர்ப்பட்டுவிட்டது. எவ்வளவு சீனி போட்டாலும் தேத்தண்ணீரில் உப்புத்தான் முன்னுக்கு நின்றது. வெளியே சொன்னால் பஞ்சலிங்கம் சிரிப்பானே! அவன் மோட்டர் போட்டு இறைத்துத்தான் கிணறு கெட்டது என்று மனதுக்குள்ளேயே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். தன் மோட்டரும் நாள் முழுக்க ஓடுவது அந்தத் தீர்ப்பில் வரவில்லை.

"மூடுறியளோ, இல்லையோ? நான் விதானையிட்டை முறைப்பாடு குடுக்கப் போறன்!" என்று சால்வையை எடுத்தார்.

நிவேதனா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலிக்குக் கிட்ட வந்தாள். குரலைத் தணித்தாள்.

"அங்கிள், எங்கடை கிணறு வீட்டுக்கு அந்தப் பக்கம். இந்தக் கிடங்குக்குக் கிட்ட இருக்கிறது உங்கடை கிணறுதான்."

"அதுக்கு?"

"ஒழுங்கையிலை எல்லாக் கிணத்துத் தண்ணியும் சோதிச்சனாங்கள். உங்கடைதான் ஆகவும் உப்பு. மழையும் இப்ப காலத்துக்குப் பெய்யிறேல்லை. பெய்யிறதையாவது நிலத்துக்குள்ளை விடாட்டிக் கடல்தானே உள்ளுக்கு வரும்? ஒரு கிடங்குக்குத்தான் எங்களிட்டைக் கல்லும் குழாயும் இருக்கு. அதை உங்கடை கிணத்துக்கெண்டு முடிவெடுத்தம்."

சோமசேகரம் வேலியோடு நெருங்கி வந்தார்.

"என்ரை கிணத்துத் தண்ணி உங்களுக்கு எப்பிடி..."

"அன்ரிதான் வேலிப் பொட்டுக்குள்ளாலை போத்திலிலை தந்தவ."

திரும்பிப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற அவர் மனைவி இரத்தினம்மா, கையிலிருந்த சட்டிக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

"கொப்பர் இதுக்கு ஓமெண்டவரோ?"

"உங்கடை கிணத்துக்கெண்டு அப்பாவுக்குத் தெரியாது, அங்கிள். வேலியோரம் வெட்டினால் உங்களுக்குக் கொதி வரும் எண்டுதான் விட்டவர். நீங்கள் சத்தம் போடாமல் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திடும். பிறகு மூடச் சொல்லிப்போடுவார்."

வீட்டுக்குள்ளிருந்து பஞ்சலிங்கத்தின் செருமல் கேட்டது. "ஆரது, வேலிக்கரையிலை?"

சோமசேகரம் சால்வையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினார்.

"பஞ்சலிங்கம்! உந்தக் கிடங்கை இப்பவே மூடு! இல்லாட்டி நடக்கிறது வேறை!"

பஞ்சலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"மூடமாட்டன்! ஏலுமானதைச் செய்! பிள்ளை, இன்னும் ரெண்டடி ஆழமா வெட்டு!"