தெரிந்த பெயர்

ஒரு கம்பெனிச் சுவரில் வைஃபை பெட்டி ஒன்று இருந்தது. கம்பெனிக் கருவிகளைக் கேட்காமலே உள்ளே விடும். விருந்தாளி என்றால், உள்ளே இருக்கும் ஒருவர் "நம்ம ஆள்தான்" என்று சொல்ல வேண்டும்.

அன்று சிம் கழற்றிய கைபேசி ஒன்றை மேசையில் கொண்டுவந்து போட்டார்கள்.

"கதவைத் திறங்கண்ணே" என்றது அது பெட்டியிடம்.

"கம்பெனிப் பட்டியல்லேர்ந்து உன்னை எடுத்துட்டாங்கம்மா. இனி நீ விருந்தாளிதான்."

"நேத்துவரைக்கும் என்னைப் பார்த்ததுமே திறப்பீங்களே! என்னை வச்சிருந்த கோமதி அக்கா ஆஸ்பத்திரியில மகளுக்குப் பேசிப் பதிஞ்சு வச்சது இன்னும் போகலண்ணே. சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிடுவாங்களாம்."

"சரி, விருந்தாளியாவே வா. உனக்காகச் சொல்ல உள்ளே யாரைத் தெரியும்?"

"இது என்ன கேள்வி? கோமதி அக்காவைக் கேளுங்க. உடனே சொல்வாங்க."

கோமதி இறந்துவிட்டாள் என்று காலையில் சேதி வந்ததும், உள்ளே இருப்பவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கியதே இந்தப் பெட்டிதான்.

"கூப்பிடறேன், இரும்மா" என்றது. வர ஆளில்லை என்று தெரிந்தும் சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ வந்து கைபேசியை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் அதே கைபேசி வேறொருவர் சட்டைப்பையில் வந்தது. கதவு தானே திறந்தது.

"வணக்கம்ண்ணே, நான் இங்க புதுசு" என்றது கைபேசி.

"வாம்மா" என்றது பெட்டி.