இரும்பு ராஜாவின் புகார்

“இடுப்பு கழண்டு கையில வந்துரும் போல இருக்கு சார். நிக்கவே முடியல.”

மேனேஜரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் மேஸ்திரி இதைச் சொன்னார். காலையிலிருந்து லாரி லாரியாகச் சிமெண்ட் மூட்டை இறக்கியாயிற்று. முகத்தில் அப்பியிருந்த தூசியில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய மச்சினன் நின்றான். ஆளைப் பார்த்தால் மூட்டை சுமக்கிறவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடோனில் எல்லோருக்கும் அவன் ஒல்லி. கதவுக்கு வெளியே மற்ற ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் செல்போனிலிருந்து கண்ணை எடுத்தார். “இப்ப என்ன வேணும் மேஸ்திரி?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார். ஒரு லாரி காலியானா, அடுத்த லாரியில கை வைக்கிறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் உட்காரணும். உட்கார ஒரு பெஞ்சு வேணும். முந்தாநாள் இவன் கால் மேல மூட்டை விழ இருந்துச்சு. மயிரிழையில தப்பிச்சான்.”

“மாமா சொல்றது நிஜம் சார். இந்தக் கால்தான்.” ஒல்லி காலைத் தூக்கிக் காட்டப் போனான்.

“காலைக் கீழ போடுப்பா. உட்காரச் சொன்னா அப்புறம் எவன் எந்திரிப்பான்? இதப் பாருங்க.” மேனேஜர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். “கல்கோட்டைன்னு ஒரு விளையாட்டு. ஆளுங்களை வச்சுக் கல் சுமந்து, எதிரி வர்றதுக்குள்ள மதில் எழுப்பணும். முதல் பாகத்துல ஆளுங்க நிக்காம ஓடுவாங்க. இப்ப ரெண்டாம் பாகம் விட்டிருக்கான். இதுல நாலு நடை சுமந்ததும் கல்லைக் கீழ வச்சிட்டு உட்கார்ந்துடறானுங்க. விளையாடறவன் பூரா கொதிச்சுப் போயிருக்கான். கம்பெனிக்குப் புகார் மேல புகார்.”

மேஸ்திரி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அதுலயும் ‘இரும்பு ராஜா’ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்க, அது புகார். ‘சோம்பேறிகளை வைத்துக்கொண்டு எவன் கோட்டை கட்டுவான்? இவன்கள் உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கவா காசு கொடுத்து வாங்கினோம்? உட்கார்ந்தவனை உதைத்து எழுப்ப ஒரு பட்டன் வையுங்கள்.’ எப்படி? ஊரே ஆமாம் போட்டிருக்கு. நானும் போட்டேன்.”

வெளியே யாரோ கனைத்தார்கள். ஒல்லிக்கு மூக்கு விடைத்தது.

“யாரு சார் அந்த நாயி?”

“டேய், சும்மா இரு,” என்றார் மேஸ்திரி அவசரமாக.

“நீங்களே சொல்லுங்க மேஸ்திரி. பொம்மை ஆளு உட்கார்ந்ததையே ஜனம் ஒத்துக்கல. நான் பெஞ்சு போட்டா முதலாளி ஒத்துக்குவாரா?”

வெளியே நின்றவர்கள் மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தை விட்டால் மறுபடி இந்த அறைக்குள் வந்து நிற்க முகம் இருக்காது.

“அந்த இரும்பு ராஜா ஒரு மடையன் சார்,” என்றார் கடைசியில்.

“எப்படிச் சொல்றீங்க?”

“சொகுசாப் படுத்துக்கிட்டு எழுதியிருப்பான். சுமக்கறது யாரோ, அதட்டறது இவன். உட்கார்ந்து எந்திரிச்ச ஆளு அதுக்கப்புறம் ஒரு கல்லைக்கூடத் தவற விடறதில்ல. மதிலும் வெரசா ஏறுது. அதைக் கவனிக்க அவனுக்குப் பொறுமை இல்ல. தோத்துப் போன கோவத்துல கண்ணு தெரியல.”

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுமக்கறவனுக்குத் தெரியாதா சார்? பொம்மையோடதா இருந்தாலும் அதுவும் முதுகுதானே.”

ஒல்லி சிரித்துவிட்டான். மேனேஜர் செல்போனைத் தட்டத் தொடங்கினார். மூவரும் திரையைப் பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆட்கள் கல்லை இறக்கி வைத்தார்கள், உட்கார்ந்தார்கள், நெற்றியைத் துடைத்தார்கள், எழுந்தார்கள்.

“ஆமாய்யா,” என்று மேனேஜர் தனக்குத்தானே முனகினார். “எந்திரிச்சதும் கொஞ்சம் வேகமாத்தான் போறான்.” பிறகு தலையைச் சொறிந்தார். “சரி. லாரிக்கு லாரி கால் மணி நேரம். அதுக்கு மேல இழுத்தீங்கன்னா நானே இரும்பு ராஜா ஆயிடுவேன். பின்னால பழைய பெஞ்சு ஒண்ணு கிடக்கு. எடுத்துப் போட்டுக்குங்க.”

பெஞ்சைக் கொண்டுவந்து குடோன் சுவரோரம் நிழலில் போட்டார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக முழங்கால் சொடுக்க உட்கார்ந்தார்கள். மேஸ்திரி சுவரில் முதுகைச் சாய்த்து, அப்பாடா என்று காலை நீட்டினார். இடுப்புக்குள் குத்திக்கொண்டிருந்த வலி மெல்ல மெல்ல இறங்கியது.

“மாமா, அந்த இரும்பு ராஜாவைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டீங்க,” என்றான் ஒல்லி. “அவன் மட்டும் என் கையில மாட்டினான்னு வைங்க...”

“விடுடா. அவனுக்கும் என்ன நோவோ.”

“நல்லா இருக்கே. திட்டினதும் நீங்க, பரிஞ்சு பேசறதும் நீங்களா?” என்று சிரித்துக்கொண்டே அவன் டீ வாங்கப் போனான்.

மச்சினன் தலை மறைந்ததும் மேஸ்திரி தன் செல்போனை எடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை இடுப்புக்கு வெந்நீர்ப் பையைக் கொடுத்துப் படுத்தபடி, இரும்பு ராஜா என்ற பெயரில் தான் எழுதிய அந்தப் புகாரைத் தேடிப் பிடித்து அழித்தார். கல் சுமக்கும் அந்தப் பொம்மை ஆட்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்புதான் இன்னும் பாக்கி.